செவிலியர் வேலைநிறுத்தமும் பாட்டிலில் போட்ட கோடும்

பரேல் மில்தொழிலாளி மகன்:

ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பதை எதிர்த்து மும்பை அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் வேலையை நிறுத்தி இன்று ஐந்தாம் நாள். 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும், பணியிடங்களைத் தனியார் முகமைகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று மகாராஷ்டிரம் முழுவதும் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்று கை தட்டியவர்கள் இன்று நம் குழுவில் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். நேற்று இரவு ஒரு சகோதரி, "வேலைநிறுத்தத்தை ஆதரிக்கிறேன், ஆனால் மாற்றுத்திறனாளியான என் தம்பியை அவர்கள் நடத்திய விதத்தை மறக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார். அந்த "ஆனால்" என்ற சொல்லைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மும்பை மாநகராட்சி நடத்தும் கே.இ.எம். மருத்துவமனையில் நான்காம் வார்டை ஒட்டிய அறையில் அருணா ஷான்பாக் 42 ஆண்டுகள் கிடந்தார். அவரும் அங்கே செவிலியராக இருந்தவர்தான். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட அவரை, 2015 மே 18 அன்று அவர் கண்ணை மூடும் வரையில், குளிப்பாட்டியதும் ஊட்டியதும் புரட்டிப் படுக்க வைத்ததும் செவிலியர்களே. ஒரு படுக்கைப் புண் கூட வரவில்லை என்பது 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. படுக்கை வேண்டும் என்று மாநகராட்சி அவரை வெளியே அனுப்பப் பார்த்தபோது குறுக்கே நின்று தடுத்தவர்களும் அவர்கள்தாம். அந்தக் கைகளைப் பார்த்து, அதுவும் இந்த வாரத்தில், ஊனமுற்றவர்களைக் கொடுமைப்படுத்தினீர்கள் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் நிர்வாகத்துக்கு வேலை செய்கிறார். அவர் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பது வேறு கேள்வி.

சயான் கோலிவாடா அக்கா:

அந்தச் சகோதரி நான்தான். என்னைப் பற்றி எழுதியதை என் முகத்தைப் பார்த்தே எழுதியிருக்கலாம், ஐயா.

என் தம்பிக்கு 34 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். கையும் காலும் அவன் சொன்னபடி கேட்பதில்லை, அவன் பேச்சு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் புரியும், அறிவில் எந்தக் குறையும் கிடையாது. கடந்த ஆண்டு தொடை எலும்பு முறிந்து இந்த நகரத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது நாள் இருந்தான். ஆண்கள் வார்டு என்பதால் இரவில் பெண் துணை இருக்க விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. இரவு எட்டு மணிக்கு நான் வெளியேறினால் காலை ஆறரைக்குத்தான் உள்ளே போக முடியும்.

ஒவ்வொரு காலையும் அவன் உதடு வெடித்து, வாயோரம் வெள்ளையாகக் காய்ந்திருப்பதைக் கண்டு, எட்டாம் நாள் இரவு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, தண்ணீர் நின்ற மட்டத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. பதினோரு இரவுகள் கோடு போட்டேன். அவற்றில் ஒன்பது இரவுகளில் அது அசையவே இல்லை. பத்தாம் நாள் இரவுப் பணிச் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "குடித்தால் படுக்கையை நனைக்கிறான். ராத்திரியில் விரிப்பு மாற்ற ஆள் இல்லை, மாவுஷியும் இல்லை" என்றார். மாவுஷி என்றால் வார்டு ஆயா.

அந்த வார்டில் முப்பது கட்டில்கள். தரையில் பாய் போட்டுக் கிடந்தவர்களையும் சேர்த்து அன்று நாற்பத்தாறு நோயாளிகள், இரவுக்கு இரண்டு செவிலியர். பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் மூன்று பேருக்கு ஒருவர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். என் தம்பிக்குத் தலையணை இரண்டு வைத்து நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, கரண்டி கரண்டியாக ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க இருபது நிமிடம் ஆகும். இந்தக் கணக்கை அந்த வார்டின் நடுவில் நின்று போட்டுப் பார்த்த நாளிலிருந்து நான் செவிலியர்களின் கோரிக்கைப் பக்கம்தான் நிற்கிறேன். வேலைநிறுத்தம் தொடங்கிய முதல் நாளே ஆசாத் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் மெட்ரனிடம் எழுதிக் கொடுத்த புகாருக்கு ஒன்பது மாதமாக ஒரு வரிப் பதில் கூட வரவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை நிர்வாக அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, மிகவும் அன்பாக, என் புகாரைப் பற்றித் தொலைக்காட்சியில் பேச முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நிர்வாகத்துக்கு வேலை செய்பவள் அப்படிச் சொல்லியிருப்பாளா?

ஓய்வுபெற்ற சிஸ்டர், முலுண்ட்:

நாகர்கோவிலில் பிறந்து பம்பாயில் 36 ஆண்டு செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வலி எனக்குப் புரிகிறது, ஆனால் பாட்டிலில் போட்ட கோட்டை வைத்து ஒரு செவிலியரைக் குற்றவாளி ஆக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியாது.

பெருமூளை வாதம் உள்ளவர்கள் பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். படுத்த நிலையில் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அதனால் இரவில் வாய் வழியாகக் கொடுக்காமல் சலைனில் சமாளிப்பது பொறுப்பான செயல். மருத்துவரே அப்படிச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கேஸ் பேப்பரைப் பார்த்தீர்களா? மேலும், தண்ணீர் அந்தப் பாட்டிலிலிருந்துதான் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? எல்லா வார்டிலும் ஸ்டீல் ஜக் இருக்கும். ஜக்கிலிருந்து கொடுத்தால் உங்கள் கோடு அப்படியேதான் நிற்கும்.

பரேல் மில்தொழிலாளி மகன்:

சிஸ்டர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஸ்டீல் ஜக். இந்த ஒரு கேள்விக்குப் பதில் வரட்டும், பிறகு மற்றதைப் பேசலாம்.

சயான் கோலிவாடா அக்கா:

பதில் இருக்கிறது. சலைன் ஐந்தாம் நாளே கழற்றப்பட்டுவிட்டது. கேஸ் பேப்பரில் "வாய் வழியாக நிறைய நீர் கொடுக்கவும்" என்று மருத்துவர் எழுதியிருந்தார். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரக் கூடாது என்று எனக்கு வாயாலும் சொன்னார். உட்கொண்ட நீரும் வெளியேறிய நீரும் எழுதும் அட்டவணை கட்டிலின் கால்மாட்டில் தொங்கியது. பகல் கட்டங்களில் 150, 200 என்று எண்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் நான் கொடுத்து நான் சொல்லி எழுத வைத்தவை. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை உள்ள கட்டம் ஒன்பது நாள் வெறுமையாக இருந்தது. சிஸ்டர், செவிலியர் பள்ளியில் உங்களுக்கு முதலில் கற்றுத் தந்திருப்பார்கள்: எழுதப்படாதது செய்யப்படாதது.

விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது என்பதை முப்பத்து நான்கு ஆண்டுகளாக மூன்று வேளையும் ஊட்டும் எங்களுக்குத் தெரியாதா? எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்த முதல் நாளே ஒரு தாளில் எழுதி, பக்கத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். காரணம் மருத்துவம் என்றால் அந்தச் சிஸ்டர் அதையே சொல்லியிருப்பார். அவர் சொன்னது விரிப்பை.

ஓய்வுபெற்ற சிஸ்டர், முலுண்ட்:

எழுதப்படாதது செய்யப்படாதது என்பது நீதிமன்றத்தில் எங்களைக் காத்துக்கொள்ளச் சொல்லித் தருவது. நாற்பத்தாறு பேர் உள்ள வார்டில் மூவருக்கு மூச்சுத் திணறினால் நான்காவது ஆளின் அட்டவணையை எழுத மாட்டோம், தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஓடுவோம். நான் எத்தனையோ இரவு அப்படி ஓடியிருக்கிறேன். வெறுமையான கட்டம் எதையும் நிரூபிக்காது. ஜக்கிலிருந்து கொடுத்திருக்கலாம் என்பதை நீங்கள் இன்னும் மறுக்கவில்லை.

செவிலியரே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அங்கே கட்டியவர் யாரும் செவிலியர் அல்லர். கொடுமை என்ற சொல்லை அந்த மாதிரி இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சீருடையின் மேல் பூசாதீர்கள்.

சயான் கோலிவாடா அக்கா:

செவிலியர் வேண்டாம் என்று நான் எந்த வரியில் எழுதினேன்? கூடுதலாக வேண்டும் என்றுதானே வெயிலில் போய் உட்கார்ந்தேன்? ஏர்வாடியைக் காட்டி ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறிதாக்காதீர்கள். தாகம் எடுத்தவனுக்கு எது பெரிது என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், நேற்று எழுதாமல் விட்டது. தண்ணீர் கொடுக்காததற்கு ஆள் பற்றாக்குறை என்ற காரணத்தை நான் ஏற்கிறேன். ஒரு சொல்லுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பதினான்காம் நாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது பணி மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இரவுச் சிஸ்டர் என் தம்பியைக் காட்டி, வந்தவரிடம் மராத்தியில் "தே ஜோபலய" என்றார். அது தூங்குகிறது. என் தம்பி தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நம் தமிழில் உயர்திணை அஃறிணை என்று ஒரு கோடு இருக்கிறது. மராத்தியிலும் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கால் முறிந்த ஆட்டோ ஓட்டுநரை அவர் "தோ" என்றுதான் சொன்னார். அவர்களுக்குள் ஒருவர் என்பதால் அருணாவுக்கு 42 ஆண்டு புண் வரவில்லை. என் தம்பி அவர்களுக்குள் ஒருவன் இல்லை. நான் பார்த்த வேறுபாடு அதுதான், ஐயா.

பரேல் மில்தொழிலாளி மகன்:

நான் இந்த ஊரில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவன். மராத்தியில் "தே" என்பது மரியாதைப் பன்மையும் ஆகும். "அவர்" என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். பாதி மொழி தெரிந்துகொண்டு ஒரு பெண்ணின் மேல் பழி போடாதீர்கள். அருணாவைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதிய வரி மிகவும் கேவலமானது. அதைத் திரும்பப் பெற வேண்டும்.

சயான் கோலிவாடா அக்கா:

மரியாதைப் பன்மை என்றால் "தே ஜோபலேத்" என்று வந்திருக்கும். "ஜோபலய" என்பது அஃறிணை ஒருமைக்குத்தான் வரும். நானும் இதே ஊரில் மராத்திப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்த வரியைத் திரும்பப் பெற மாட்டேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், முலுண்ட்:

மராத்திக்காரர்கள் குழந்தைகளை அப்படித்தான் சொல்வார்கள். குழந்தை தூங்குகிறது என்பதில் அஃறிணை இல்லையா? தமிழிலும் குழந்தை "தூங்குகிறது" என்றுதானே சொல்கிறோம்? அன்பினால் சொன்ன சொல்லை அவமதிப்பாக எடுத்துக்கொண்டால் எந்தச் செவிலியரும் வாய் திறக்க முடியாது.

சயான் கோலிவாடா அக்கா:

என் தம்பி முகச்சவரம் செய்துகொள்ளும் ஆண், சிஸ்டர். அவனுக்கு அந்தச் சிஸ்டரைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும்.

மாட்டுங்கா வாசி:

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் மரத்தை விட்டு இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சகோதரியின் தம்பிக்கு வேலை நாளிலேயே தண்ணீர் கிடைக்கவில்லை என்றால், வேலைநிறுத்த நாளில் படுக்கையில் இருப்பவர்களின் கதி என்ன? அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டப்படியும் கிடையாது, தார்மிகப்படியும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2003 ஆகஸ்ட் 6 அன்று, தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. சகோதரி தொலைக்காட்சியில் பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தது தவறு.

பரேல் மில்தொழிலாளி மகன்:

பார்த்தீர்களா சகோதரி, உங்கள் கோட்டைப் பிடித்துக்கொண்டு யார் ஏறி வருகிறார் என்று? நான் முதல் பதிவில் சொன்னது இதைத்தான்.

மாட்டுங்கா ஐயா, அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். ஒரே மூச்சில் சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கிய அரசின் மேல் தொடுத்த வழக்கு அது. கடைசியில் பெரும்பாலோரைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் ஊதியத்தைப் பார்க்க ஒரு குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் ஆணையிட்டதும் அதே உச்ச நீதிமன்றம்தான். ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள்? வங்கியில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவது எளிது.

மாட்டுங்கா வாசி:

என் ஓய்வூதியத்தை இழுப்பானேன்? 1982 வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் போன இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் எங்கே போனார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். கடந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டபோதும் நீங்கள் இப்படித்தான் என் வங்கி வேலையை இழுத்தீர்கள். கணக்கு இன்னும் வரவில்லை.

பரேல் மில்தொழிலாளி மகன்:

என் தந்தையைப் பற்றிப் பேச வேண்டாம். 1982 ஜனவரி 18 அன்று மில்லை விட்டு வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகவே இல்லை. அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டு பரேல் பாலத்தடியில் பழம் விற்று எங்களைப் படிக்க வைத்தார். நாங்கள் தோற்றோம், ஆனால் ஒருவரும் நடுவில் நின்று "ஆனால்" என்று சொல்லவில்லை. பொங்கல் கணக்கு செயலாளரிடம் இருக்கிறது, அவரைக் கேளுங்கள்.

சயான் கோலிவாடா அக்கா:

பொங்கல் கணக்கை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும்.

மாட்டுங்கா ஐயா, என் தம்பியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வர நான் தயாராக இல்லை. வேலை நாளிலேயே தண்ணீர் இல்லை என்று நீங்கள் எழுதியது உண்மை. அந்த உண்மை உங்கள் வாதத்தைத்தான் உடைக்கிறது. வேலைநிறுத்தம் இல்லாத பதினோரு இரவுகளில் ஒன்பது இரவு கோடு அசையவில்லை. அந்த ஒன்பது இரவுக்கு யார் மேல் எந்தத் தீர்ப்பைக் காட்டுவீர்கள்? நிர்வாகத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதமாவது வாங்கித் தாருங்கள், பிறகு தார்மிகம் பேசலாம்.

பரேல் ஐயா, யாரும் "ஆனால்" சொல்லவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மில் வேலைநிறுத்தம் நடந்த அந்தப் பதினெட்டு மாதத்தில் வீட்டில் சோறு இல்லாத பெண்கள் என்ன சொன்னார்கள் என்று யாராவது கேட்டார்களா? என் பெரியம்மா லால்பாக்கில் இருந்தவர். வேலைநிறுத்தத்தையும் விடவில்லை, தாலியை விற்றதையும் ஒருநாளும் மறைக்கவில்லை. இரண்டையும் ஒரே வாயால் சொல்வார். அவரிடம் யாரும் நீ மில் முதலாளிக்கு வேலை செய்கிறாய் என்று சொல்லவில்லை.

தாராவி கிராஸ் ரோடு:

நான் இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு காலிலும் காலிப்பர் போட்டு நடப்பவன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவை இங்கே ஒருவரும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், தெரிந்தே அவருக்கு உணவையோ திரவத்தையோ மறுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டத்தில் "உணவு அல்லது திரவங்கள்" என்றே எழுதியிருக்கிறது, தண்ணீரும் அதில் அடங்கும். எழுதியவர்களுக்கு எங்கள் இரவுகள் தெரிந்திருக்கின்றன.

எனக்கு அக்காவிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. தொலைக்காட்சியில் பேச முடியாது என்று நீங்கள் சொன்னீர்கள். தண்ணீர் கிடைக்காதவர் உங்கள் தம்பி. அவரிடம் கேட்டீர்களா?

பரேல் மில்தொழிலாளி மகன்:

இப்போது செவிலியரை ஐந்து ஆண்டு சிறைக்கு அனுப்பும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். ஒரு பாட்டிலில் ஒரு கோடு, அதற்கு ஐந்து ஆண்டு. ஸ்டீல் ஜக் பற்றி நான் கேட்டு ஒரு நாள் ஆகிறது.

ஓய்வுபெற்ற சிஸ்டர், முலுண்ட்:

"தெரிந்தே மறுத்தால்" என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆளில்லாமல் விட்டுப் போவது மறுப்பது ஆகாது. இரண்டு பேரை நாற்பத்தாறு பேருக்கு நிறுத்திய அதிகாரியை அந்தப் பிரிவில் போடட்டும், நானே வந்து சாட்சி சொல்கிறேன். 1994இல் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புணேயில் கருப்பையை எடுத்தார்களே, காரணம் என்ன சொன்னார்கள்? மாதவிடாயின்போது சுத்தம் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்களுக்குத் தெரியாது என்றார்கள். அந்த முடிவைச் செவிலியர் எடுக்கவில்லை. மேலே இருந்தவர்கள் எடுத்தார்கள்.

சயான் கோலிவாடா அக்கா:

சிஸ்டர், அதே காரணம்தான் என் தம்பிக்கும் சொல்லப்பட்டது. விரிப்பு நனைகிறது, மாற்ற ஆள் இல்லை. மேலே இருப்பவர் சொன்னால் கொடுமை, கீழே இருப்பவர் சொன்னால் களைப்பு என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு இடத்திலும் செலவைக் குறைத்தது ஒரு மாற்றுத்திறனாளியின் உடம்பில்தான். அந்த அதிகாரியை நிறுத்துங்கள், நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் "குடித்தால் நனைக்கிறான்" என்று தெரிந்து சொன்னவரை இல்லாதவர் ஆக்க முடியாது. நான் போலீசுக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். அந்தச் சிஸ்டரின் முகத்தை எனக்குத் தெரியும். அதிகாலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வாய் திறந்து, ஒரு கையில் ஊசி மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

தாராவித் தம்பி கேட்டதற்குப் பதில். நான் அவனிடம் கேட்கவில்லை. முடியாது என்று சொல்லி தொலைபேசியை வைத்த பிறகுதான் அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஒரு எழுத்துப் பலகை இருக்கிறது. நான் வரிசை வரிசையாக விரலை நகர்த்துவேன், அவன் கண்ணை மேலே தூக்கும் இடத்தில் நிறுத்துவேன். அன்று அவன் எழுதிய வாக்கியம்: "முடியாது என்று சொல்ல நீ யார்?" அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று அவன் சொன்னது நிர்வாகத்துக்காக அல்ல. தன் வாயைப் பற்றித் தான் பேச வேண்டும் என்கிறான். அவனுக்கு இன்னும் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்டீல் ஜக் பற்றி அவனிடமே கேட்டேன். கண்ணை மூடினான். இல்லை என்று பொருள்.

கோடு இறங்கிய அந்த இரண்டு இரவுகளையும் கேட்டேன். ஒரு புதிய பெண், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வந்தவள், வேறொருவருக்குப் பதிலாக இரவுப் பணிக்கு வந்தாளாம். அலமாரிக் கதவில் நான் ஒட்டிய தாளை மொபைல் வெளிச்சத்தில் படித்துவிட்டு, தலையணையைச் சரிசெய்து, கரண்டியால் கொடுத்தாளாம். நடுவில் இரண்டு முறை எழுந்து போய்த் திரும்ப வந்து கொடுத்தாளாம். ஒப்பந்தம் முடிந்ததும் அவளை அனுப்பிவிட்டார்கள். அவளை நிரந்தரமாக எடுப்பது சங்கத்தின் கோரிக்கையில் இருக்கிறதா, பரேல் ஐயா? அல்லது ஒப்பந்தத்தில் வந்தவள் என்பதால் அவளும் எதிரியா?

பரேல் மில்தொழிலாளி மகன்:

ஒப்பந்த நியமனம் கூடாது என்பதுதான் கோரிக்கை. தனி நபர்களைப் பற்றிச் சங்கம் பேச முடியாது. ஆக, நிரந்தரச் செவிலியர் கெட்டவர், ஒப்பந்தச் செவிலியர் நல்லவர் என்று எழுதிவிட்டீர்கள். இதைவிட நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்? நாளை ஆசாத் மைதானத்துக்கு வருவதாக இருந்தால் வாருங்கள், தடுக்க மாட்டேன். அந்தப் பாட்டிலை மட்டும் கொண்டு வராதீர்கள். அங்கே செய்தியாளர்கள் நிற்பார்கள்.

தாராவி கிராஸ் ரோடு:

அவர் எதைக் கொண்டு வரலாம் என்று முடிவு செய்ய நீங்கள் யார்? மைதானத்தின் வாசலில் சக்கர நாற்காலி ஏறுமா என்று முதலில் பார்த்து வையுங்கள். போன முறை என்னை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே விட்டார்கள்.

சயான் கோலிவாடா அக்கா:

நாளை காலை பத்து மணிக்கு நானும் தம்பியும் வருகிறோம். சயானிலிருந்து டாக்சி பேசியாகிவிட்டது. எழுத்துப் பலகையும் வரும். செய்தியாளர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவன் முடிவு செய்துகொள்வான், நான் விரலை மட்டும் நகர்த்துவேன். பாட்டில் அவனுடைய நாற்காலிப் பையில்தான் இருக்கும், ஏனென்றால் வெயிலில் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

மாட்டுங்கா வாசி:

தம்பியைத் தொலைக்காட்சியில் பேச விடுங்கள். நாட்டுக்குத் தெரியட்டும்.

பரேல் மில்தொழிலாளி மகன்:

மாட்டுங்கா ஐயாவின் ஆசை நிறைவேறப் போகிறது. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எச்சரித்ததையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், முலுண்ட்:

நானும் நாளை மைதானத்துக்கு வருகிறேன், சங்கத்தின் பழைய உறுப்பினர்களோடு முன் வரிசையில் இருப்பேன். இத்தனை பேசிய பிறகும் ஒன்றைத்தான் கேட்கிறேன். நள்ளிரவில், விளக்கணைத்த வார்டில், தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருப்பவருக்குத் தண்ணீர் ஜக்கிலிருந்து வந்ததா பாட்டிலிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்?